உலைக்களத்திலிருந்து பிரபுக்கள் அவைக்கு

அவைத் தலைவர் அவர்களுக்கும், இங்கே வந்து அமர்ந்திருக்கும் நண்பர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பிரிட்டனின் தொழிற்புரட்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நீராவி இயந்திரத்தையும் நூற்பாலையையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த ஆலைகளின் உடைமையாளர்கள் எங்கிருந்து வந்தார்கள், மூன்று தலைமுறைக்குள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்ற கேள்வி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் பெரும்பகுதியை ஆண்ட அந்த நாட்டின் நாடாளுமன்றமும் படையும் பிரபுக்கள் அவையும் புதிய தொழிற்பணத்தைத் தங்களுக்குள் எப்படி வாங்கிக்கொண்டன என்பது அந்தக் குடும்பங்களின் வரலாற்றில்தான் தெளிவாகத் தெரிகிறது. அதற்காகவே இன்று ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். வேல்ஸ் நாட்டின் தென்பகுதியில், மெர்த்தர் டிட்வில் என்ற ஊரை ஒட்டிய டௌலைஸ் இரும்பாலையை மூன்று தலைமுறைகளில் உலகின் மிகப் பெரிய இரும்பாலையாக வளர்த்து, பிறகு அதை விட்டு நீங்கிப் பிரபுக்களாகவும் குதிரைப்படை அதிகாரிகளாகவும் அமைச்சர்களாகவும் ஆன கெஸ்ட் குடும்பம் அது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பம் டௌலைஸிலிருந்து விலகிய தூரத்தைக் கொண்டே அதன் சமூக உயர்வை அளந்துவிடலாம். உலைக்குப் பக்கத்தில் இருந்தவரை அவர்கள் செல்வர்கள் மட்டுமே. உலையின் புகை எட்டாத இடத்துக்குப் போன பிறகுதான் பிரபுக்கள் ஆனார்கள். ஒரே ஒருவர் இந்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்து வந்தார். அவர் ஒரு பெண். ஏர்ல் பட்டம் கொண்ட பழைய பிரபு குடும்பத்தின் மகள். இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் மிகச் சிறந்த பகுதி அவருடையது என்று நான் நம்புவதால், என் பேச்சின் பெரும்பகுதியும் அவரைச் சுற்றியே அமையும்.

மெர்த்தர் டிட்வில் கிளமோர்கன் மாவட்டத்தின் வடக்கு எல்லையில், மலைச்சரிவில் அமைந்த ஊர். இரும்புத்தாதும் நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் ஓடும் நீரும் ஒரே இடத்தில் கிடைத்ததால், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே டௌலைஸ், பிளிமத், சைஃபார்த்ஃபா, பெனிடாரன் என்று நான்கு பெரிய ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. அவற்றுள் மூத்தது டௌலைஸ். 1759ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் ஒன்பது கூட்டாளிகள் சேர்ந்து 4,000 பவுண்டு முதலீட்டில் அதைத் தொடங்க ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். நிலமும் அதன் அடியில் இருந்த கனிமமும் வின்சர் என்ற பிரபு குடும்பத்துக்குச் சொந்தம்; ஆலைக்கு அவை குத்தகை மட்டுமே. பின்னாளில் திருமண உறவால் அந்தச் சொத்து பியூட் பிரபுக்களின் கைக்குப் போயிற்று. இந்தக் குத்தகை பிறகு பெரிய சிக்கலாக வரப் போகிறது.

அந்த ஒன்பது பேரில் கெஸ்ட் என்று ஒருவரும் இல்லை. ஜான் கெஸ்ட் என்பவர் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், பிரோஸ்லி என்ற ஊரிலிருந்து வந்தவர். அந்த ஊருக்கு மிக அருகில்தான் ஆபிரகாம் டார்பி 1709இல் கரிக்கட்டைக்குப் பதிலாக நிலக்கரிக் கோக்கைக் கொண்டு இரும்பை உருக்கிக் காட்டிய கோல்புரூக்டேல் இருக்கிறது. அந்தத் தொழிலறிவு அவ்வட்டாரத்து மக்களிடம் ஊறியிருந்தது. ஜான் கெஸ்ட் முதலில் 1763இல் ஐசக் வில்கின்சனோடு சேர்ந்து பிளிமத் உலையைத் தொடங்கினார். பிறகு 1767இல் டௌலைஸ் ஆலையின் மேலாளராக நியமிக்கப்பட்டார். அதாவது, இந்தக் குடும்பம் டௌலைஸுக்குள் நுழைந்தது சம்பளம் வாங்கும் ஊழியராக. தொழில் தெரிந்தவர் என்பதால் பின்னர் பங்கும் பெற்றார், 1787இல் மறைந்தார். அவருடைய மகன் தாமஸ் ஆலையைக் கவனித்துக்கொண்டே மெதடிஸ்ட் சபையில் போதகராகவும் இருந்தார். மருமகன் வில்லியம் டைட் கார்டிஃப் துறைமுகத்தில் இருந்துகொண்டு கணக்கையும் விற்பனையையும் பார்த்தார். தாமஸ் 1807இலும் டைட் 1815இலும் இறந்தபின் முழுப் பொறுப்பும் தாமஸின் மகன் ஜோசையா ஜான் கெஸ்ட்டிடம் வந்தது.

1785இல் டௌலைஸிலேயே பிறந்து, தொழிலாளர்களோடு வெல்ஷ் மொழியில் பேசிப் பழகி, உலையின் முகப்பில் நின்று வேலை கற்ற இந்த மூன்றாம் தலைமுறைக்காரர்தான் குடும்பத்தின் செல்வத்தை உண்மையில் உண்டாக்கியவர். அவர் காலத்தில் இருப்புப்பாதை வந்தது. தண்டவாளத்துக்கு உலகெங்கும் தேவை எழுந்தது. டௌலைஸ் அதை வார்த்தும் உருட்டியும் ரஷ்யா வரை அனுப்பியது. கார்டிஃபிலிருந்து மெர்த்தருக்கு வந்த டாஃப் வேல் இருப்புப்பாதைக் கம்பெனியின் முதல் தலைவரும் அவரே. புரூனல் பொறியாளராக இருந்து அமைத்த அந்தப் பாதை 1841இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 1845இல் டௌலைஸில் 18 ஊதுலைகள் எரிந்தன. ஆண்டுக்கு 88,400 டன் இரும்பு வெளிவந்தது. சுமார் 7,300 ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் அங்கே வேலை செய்தார்கள். அந்த எண்ணிக்கையில் சிறுவர்களும் அடக்கம் என்பதை உங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஊரின் நிலைமையையும் சொல்லாமல் மேலே போகக்கூடாது. 1801இல் சுமார் 7,700 பேர் வாழ்ந்த மெர்த்தரில் 1851இல் 46,000க்கு மேல் மக்கள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் நல்ல குடிநீரோ கழிவுநீர் வடிகாலோ கிடையாது. 1831 மே மாதத்தில் இரும்பு விலை விழுந்தபோது சைஃபார்த்ஃபாவின் உரிமையாளர் கிராஷே கூலியைக் குறைத்தார், கடன்பட்டவர்களின் வீட்டுப் பொருள்களைச் சிறுகடன் நீதிமன்றம் ஏலத்துக்கு எடுத்தது, ஊரே கொந்தளித்தது. ஜூன் 3ஆம் நாள் காசில் இன் விடுதியின் முன் திரண்ட கூட்டத்தின்மேல் ஹைலண்ட் படையினர் சுட்டதில் குறைந்தது 16 பேர் மாண்டார்கள். விடுதிக்குள் இருந்த ஆலை உரிமையாளர்களில் கெஸ்ட்டும் ஒருவர். படைவீரர் ஒருவரைக் குத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, டிக் பெண்டெரின் என்று அழைக்கப்பட்ட ரிச்சர்ட் லூயிஸ் என்ற இளம் சுரங்கத் தொழிலாளி அதே ஆண்டு ஆகஸ்ட் 13ஆம் நாள் கார்டிஃபில் தூக்கிலிடப்பட்டார். வேல்ஸ் மக்கள் இன்றும் அவரைக் குற்றமற்றவராகவே போற்றுகிறார்கள். அவர்களோடு நானும் உடன்படுகிறேன். அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சீர்திருத்தச் சட்டம் மெர்த்தருக்குத் தனி நாடாளுமன்ற உறுப்பினரைக் கொடுத்தது. துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களின் உறவினர்களுக்கு வாக்குரிமை இல்லை. ஊரின் முதல் உறுப்பினராக ஜோசையா ஜான் கெஸ்ட் தேர்ந்தெடுக்கப்பட்டார். இறக்கும்வரை அந்த இடத்தில் இருந்தார்.

இப்போது லேடி ஷார்லட்டிடம் வருகிறேன்.

ஷார்லட் பெர்ட்டி 1812ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் லிங்கன்ஷயரில் அஃபிங்டன் மாளிகையில், லிண்ட்ஸி என்ற பகுதியின் பெயரால் ஏர்ல் பட்டம் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு ஆறு வயதாகும்போது தந்தை இறந்தார். தாய் மறுமணம் செய்துகொண்ட மதகுருவை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வீட்டுத் தனிமையில் அவர் தாமாகவே அரபு, ஹீப்ரு, பாரசீகம் ஆகிய மொழிகளைப் படித்தார். பத்து வயதில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் விடாமல் எழுதினார். இந்தக் குடும்பத்தின் உள்வாழ்க்கையை நாம் இவ்வளவு நெருக்கமாக அறிவது அந்தக் குறிப்புகளால்தான். 1833 ஜூலையில், தமக்கு 21 வயதாக இருந்தபோது, மனைவியை இழந்த 48 வயது ஜோசையா ஜான் கெஸ்ட்டை மணந்தார்.

அந்தத் திருமணத்தை இலண்டன் மேட்டுக்குடிச் சமூகம் இறங்கு முகமாகவே பார்த்தது. ஏர்ல் மகள் வணிகம் செய்பவரை மணப்பதா என்ற ஏளனத்தை ஷார்லட் விருந்துகளில் நேரடியாக உணர்ந்தார். அவருடைய பதில் இரண்டு வகையில் வந்தது. கணவரைத் தம் இனத்தாரின் மட்டத்துக்கு உயர்த்திவிட வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். 1838இல் கணவருக்கு பாரோனட் பட்டம் கிடைத்ததில் அவருடைய முனைப்பு பெரிது. பாரோனட் என்பது பரம்பரையாக வரும் பட்டம். ஆனால் பிரபுக்கள் அவையில் இடம் தராது. ஆகவே அது அவருக்கு நிறைவு தரவில்லை. அதே காலத்தில் அவர் இரும்பாலையையே தம் வாழ்க்கையாக ஏற்றுக்கொண்டார். தாம் இப்போது இரும்பாகிவிட்டதாகவே நாட்குறிப்பில் எழுதினார். ஆலை வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்த டௌலைஸ் இல்லத்தில் தங்கி, கம்பெனியின் கடிதங்களை எழுதினார்; கணக்குகளைச் சரிபார்த்தார்; உலைக்குள் சூடான காற்றைச் செலுத்தும் புதிய முறையைப் பற்றிய பிரெஞ்சு நூலைக் கணவருக்காக மொழிபெயர்த்தார். இவற்றையெல்லாம் பதின்மூன்று ஆண்டுகளில் பத்துக் குழந்தைகளைப் பெற்றுக்கொண்டே செய்தார்.

அவர் செய்த மற்றொரு செயலால்தான் வேல்ஸ் நாட்டு இலக்கிய வரலாற்றில் அவர் பெயர் நிலைத்தது. கணவர் வீட்டாரும் தொழிலாளர்களும் பேசிய வெல்ஷ் மொழியைக் கற்று, ஆக்ஸ்ஃபோர்டின் ஜீசஸ் கல்லூரியைச் சேர்ந்த ஹெர்கெஸ்ட் செம்புத்தகம் என்ற இடைக்கால ஏட்டிலிருந்த பழங்கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1838 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார்; 1849இல் அவை மூன்று தொகுதிகளாக வந்தன. மபினோகியன் என்று உலகம் இன்று அந்தக் கதைத் தொகுப்பை அழைப்பது அவருடைய பதிப்பு பரப்பிய பெயரால். ஏட்டின் படியைக் கொடுத்து உதவியவரும், மொழியில் துணைநின்றவர்களும் வெல்ஷ் மதகுருமார்கள். அவர்களில் டெகிட் என்ற புனைபெயர் கொண்ட ஜான் ஜோன்ஸையும் கார்ன்ஹ்யூவானக் என்ற தாமஸ் பிரைஸையும் குறிப்பிடாமல் இருப்பது நேர்மையாகாது. ஆயினும் உழைப்பு அவருடையது. வெல்ஷ் மொழியை ஒழுக்கக்கேட்டின் மொழி என்றும் முன்னேற்றத்துக்குத் தடை என்றும் இங்கிலாந்து அரசு அனுப்பிய ஆணையர்கள் 1847இல் அறிக்கை எழுதிய காலம் அது. அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பிரபு குலத்தில் பிறந்த பெண் ஒருவர் அம்மொழியின் இலக்கியத்தைப் பேரிலக்கியமாக மதித்து உழைத்தார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். தம் மக்களுக்கும் ஐவர், மெர்த்தர், ஈனிட் என்று வேல்ஸோடு ஒட்டிய பெயர்களை அவர் வைத்தார். ஈனிட் என்பது அவர் மொழிபெயர்த்த கதைகளில் வரும் நாயகியின் பெயர்.

குத்தகைச் சிக்கல் 1840களில் முற்றியது. நிலத்தின் உரிமையாளரான இரண்டாம் பியூட் மார்க்வெஸ், கார்டிஃப் துறைமுகத்தைக் கட்டியவர். அவருக்கும் கெஸ்ட்டுக்கும் நெடுநாள் பகை. 1848இல் முடியும் குத்தகையைப் புதுப்பிக்க அவர் கேட்ட தொகையைக் கெஸ்ட் ஏற்க மறுத்தார். ஆலையைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள். உலைகள் ஒவ்வொன்றாக அணைக்கப்பட்டன. டௌலைஸ் மக்கள் அடுத்த வேளைச் சோற்றுக்கு எங்கே போவது என்று தெரியாமல் தவித்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் மார்க்வெஸ் திடீரென இறந்தார், அவருடைய சொத்துப் பொறுப்பாளர்களோடு உடன்பாடு எட்டப்பட்டது, குத்தகை நீண்டது. மகிழ்ச்சியில் ஊர் கூடி கெஸ்ட் குடும்பத்தை வரவேற்றது. ஆனால் அந்த நெருக்கடி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே குடும்பம் வேறொரு முடிவையும் எடுத்துவிட்டிருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1846இல் அவர்கள் இங்கிலாந்தின் தெற்கே டார்செட்டில், கான்ஃபோர்ட் என்ற பண்ணையையும் மாளிகையையும் வாங்கினார்கள். நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் பாரி அதை மாற்றிக் கட்டினார். பழைய அசீரிய நகரங்களைத் தோண்டிய ஆஸ்டன் ஹென்றி லேயர்ட் லேடி ஷார்லட்டுக்கு உறவினர். அவர் அனுப்பிய சிற்பங்களை வைக்க அங்கே நினிவே மண்டபம் என்று தனியே ஒரு கூடம் எழுந்தது. டௌலைஸுக்கும் கான்ஃபோர்ட்டுக்கும் இடையிலுள்ள தொலைவு, அடுத்த தலைமுறையின் வாழ்க்கையை முடிவு செய்தது.

மறு ஆண்டுகளில் வந்த காலரா அந்தத் தொலைவின் பொருளைக் காட்டியது. 1849இல் மெர்த்தரில் அந்நோய்க்கு 1,400க்கு மேற்பட்டோர் பலியானார்கள். அரசு ஆய்வாளர் வந்து வடிகாலும் குடிநீரும் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார்; அதன்படி அமைந்த உள்ளூர்ச் சுகாதாரக் குழுவில் ஆலை உரிமையாளர்களின் கையே ஓங்கியிருந்தது; குழாய்வழி நல்ல நீர் ஊருக்கு வந்து சேர ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆயின. கெஸ்ட் தம்பதியர் டௌலைஸில் கட்டிய பள்ளிகள் அக்காலத்துக்கு மிகச் சிறந்தவை என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றுக்கு லேடி ஷார்லட் நேரில் போய்ப் பாடம் பார்த்தார் என்பதும் உண்மை. ஆனால் பள்ளிக்கு இரங்கிய கை தண்ணீருக்கு இரங்கவில்லை.

1852 நவம்பரில் சர் ஜான் கெஸ்ட் இறந்தார். அவர் எழுதிவைத்த உயில்படி, லேடி ஷார்லட் கைம்பெண்ணாக இருக்கும்வரை ஆலையின் முழு நிர்வாகமும் அவர் பொறுப்பு. ஆக, 40 வயதுப் பெண் ஒருவர் உலகின் மிகப் பெரிய இரும்பாலைகளில் ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். மணமான பெண்ணுக்குத் தன் சொத்தின்மேல்கூடச் சட்ட உரிமை இல்லாத நாட்டில் இது நடந்தது. மறு ஆண்டே வேலைநிறுத்தம் வந்தது. அண்டை ஆலைகளின் உரிமையாளர்களோடு ஒத்துப்போகவே அவர் தீர்மானித்தார். கூலி உயர்வு தர மறுத்தார். சில வாரங்களுக்குப் பின் தொழிலாளர்கள் பழைய கூலிக்கே திரும்பினார்கள். இதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. வெல்ஷ் மொழியைக் கற்ற அன்பும், கூலிக்கணக்கில் காட்டிய கண்டிப்பும் ஒரே நெஞ்சில் இருந்தன. இரண்டையும் சேர்த்தே அவரை மதிப்பிட வேண்டும்.

1855இல் அவர் மகன் ஐவரின் ஆசிரியராக வந்த சார்லஸ் ஷ்ரைபரை மணந்தார். ஷ்ரைபர் அவரைவிட 14 ஆண்டுகள் இளையவர். மேட்டுக்குடிச் சமூகம் முகம் சுளித்தது; உயிலின்படி ஆலையின் நிர்வாகம் அவர் கையை விட்டுப் போயிற்று. பின்னாளில் இருவரும் ஐரோப்பா எங்கும் சுற்றி ஆங்கிலப் பீங்கான் கலைப்பொருள்களைச் சேர்த்தார்கள். கணவர் இறந்தபின் 1884இல் அத்தொகுப்பை இலண்டனில் இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று அறியப்படும் நிறுவனத்துக்குக் கொடுத்தார். அவர் திரட்டிய விசிறிகளும் சீட்டுக்கட்டுகளும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. 1895 ஜனவரியில் கான்ஃபோர்ட்டில் இறந்தார்.

ஆலையைப் பொறுத்தவரை, அதன் பிற்கால வெற்றி முழுவதும் குடும்பத்துக்கு வெளியே இருந்தவர்களால் வந்தது. உயிலின் பொறுப்பாளரான ஜார்ஜ் தாமஸ் கிளார்க் பொறியாளர். புரூனலிடம் வேலை பார்த்தவர். 1840களில் இந்தியாவுக்கு வந்து, பம்பாயிலிருந்து தானேக்குப் போகும் நம் நாட்டின் முதல் பயணிகள் இருப்புப்பாதைக்கான ஆய்வில் பங்கெடுத்தவர். அவரும் மேலாளர் வில்லியம் மெனலாஸும் சேர்ந்து டௌலைஸை எஃகுக்கு மாற்றினார்கள். உருகிய இரும்புக்குள் காற்றைச் செலுத்தி எஃகு செய்யும் பெசமர் முறைக்கு முதன்முதலில் உரிமம் வாங்கிய கம்பெனி அதுவே. 1865இல் அங்கே பெசமர் எஃகு வெளிவந்தது. உள்ளூர்த் தாது அந்த முறைக்கு ஏற்றதாக இல்லாததால், 1873இல் ஜெர்மனியின் குருப் உள்ளிட்ட கம்பெனிகளோடு சேர்ந்து ஸ்பெயினின் பில்பாவோ அருகே ஓர்கோனேரா சுரங்கக் கம்பெனியைத் தொடங்கினார்கள். தாது கப்பலில் வரத் தொடங்கியபின் மலைமேல் இருக்கும் ஆலைக்கு என்ன நியாயம்? 1891இல் கார்டிஃப் துறைமுகத்தருகே ஈஸ்ட் மூர்ஸ் ஆலை எழுந்தது. டௌலைஸின் முடிவு அன்றே எழுதப்பட்டுவிட்டது.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது லேடி ஷார்லட்டின் மூத்த மகன் ஐவர் பெர்ட்டி கெஸ்ட் கான்ஃபோர்ட்டில் பிரபு வாழ்க்கை வாழ்ந்தார். 1868இல் மார்ல்பரோ டியூக்கின் மகள் லேடி கார்னீலியா ஸ்பென்சர் சர்ச்சிலை மணந்தார். அதாவது, பின்னாளில் பிரதமராக வந்த வின்ஸ்டன் சர்ச்சிலின் தந்தைக்கு அவர் அக்காள் கணவர். 1874 முதல் பல தொகுதிகளில் தேர்தலுக்கு நின்று ஒன்றிலும் வெல்லவில்லை. 1880இல் பிரதமர் பதவியை விட்டு விலகிய பீக்கன்ஸ்ஃபீல்டு, அதாவது டிஸ்ரேலி, செய்த பரிந்துரையால் முதலாம் விம்போர்ன் பிரபு ஆனார். மக்களிடம் வாக்காகக் கிடைக்காத நாடாளுமன்ற இடம் பரம்பரை உரிமையாகக் கிடைத்தது. லேடி ஷார்லட் கணவருக்கு விரும்பியதை மகன் பெற்றார். அவருடைய தம்பி மெர்த்தர் கெஸ்ட் பெயரளவில் மட்டும் மெர்த்தர். அவர் வாழ்ந்தது சாமர்செட்டில், நரிவேட்டை நாய்க்கூட்டத்தின் தலைவராக. தங்கை ஈனிட் லேயர்டையே மணந்து தூதரின் மனைவியாக மாட்ரிட்டிலும் கான்ஸ்டான்டிநோபிளிலும் வாழ்ந்தார். 1900இல் விம்போர்ன் பிரபு டௌலைஸ் கம்பெனியை ஆர்தர் கீனுக்கு விற்றார்; ‘கெஸ்ட், கீன்’ உருவாயிற்று; 1902இல் நெட்டில்ஃபோல்ட்ஸும் சேர்ந்து ஜி.கே.என். ஆயிற்று. பணம் குடும்பத்துக்கு வந்தது; ஊர் பிறர் கைக்குப் போயிற்று.

படையைப் பற்றி இப்போது சொல்லலாம். காசு கொடுத்துப் படைப் பதவியை வாங்கும் வழக்கம் 1871இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் குதிரைப்படையில் அதிகாரியாக வாழச் சம்பளம் எந்தக் காலத்திலும் போதாது. குதிரைகளுக்கும் சீருடைக்கும் விருந்துக்கும் தனிச் செல்வம் வேண்டும். ஆகவே அங்கே சேர்வது, வீட்டில் பணம் இருக்கிறது, அதைச் சம்பாதிக்க வேண்டிய தேவை இல்லை என்று அறிவிப்பதற்குச் சமம். விம்போர்ன் பிரபுவின் மகன்களில் மூவர் தென்னாப்பிரிக்கப் போருக்குப் போனார்கள். அவர்களுள் ஃபிரெடரிக் கெஸ்ட் கிழக்கு சரே படைப்பிரிவிலும் பிறகு அரச மெய்க்காப்புக் குதிரைப்படையான முதலாம் லைஃப் கார்ட்ஸிலும் பணிபுரிந்தவர். நைல் நதிப் பகுதியில் போரிட்டவர். முதல் உலகப் போரில் படைத்தலைவர் சர் ஜான் ஃபிரெஞ்சின் துணை அதிகாரியாகவும், பின்பு கிழக்கு ஆப்பிரிக்காவிலும் இருந்தவர். அவர் துணிச்சல்காரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் வரலாறு அவரை வேறொன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறது. 1917 முதல் 1921 வரை லாயிட் ஜார்ஜின் கூட்டணி லிபரல் கட்சிக்குத் தலைமைக் கொறடாவாக இருந்தார். பட்டங்களுக்குப் பணம் பெற்றுக் கட்சி நிதி திரட்டிய முறை அவர் காலத்தில்தான் வளர்ந்தது. அந்த ஊழலுக்குப் பின் 1925இல் பட்ட விற்பனையைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. பாட்டனார் பட்டத்துக்காகக் காத்திருந்தார். தந்தை பட்டம் பெற்றார். பேரன் பட்டங்களுக்கு விலை பேசும் இடத்தில் அமர்ந்தார். 1921இல் அவர் விமானத்துறை அமைச்சரானார். 1924 ஒலிம்பிக்கில் போலோ விளையாட்டில் வெண்கலம் வென்ற பிரிட்டன் அணியிலும் இருந்தார்.

அவர் மணந்த ஏமி ஃபிப்ஸ், அமெரிக்க எஃகுத் தொழிலில் கார்னகியின் கூட்டாளியாக இருந்த ஹென்றி ஃபிப்ஸின் மகள். வேல்ஸின் எஃகுப் பணத்தோடு பிட்ஸ்பர்க்கின் எஃகுப் பணம் சேர்ந்தது. அட்லாண்டிக் கடலைப் பெண் ஒருவர் விமானத்தில் கடக்க வேண்டும் என்று 1928இல் ஏற்பாடு செய்தவர் இந்த ஏமி கெஸ்ட்தான். அவருக்குப் பதிலாகப் பயணம் செய்த அமீலியா இயர்ஹார்ட் இறங்கியது தென் வேல்ஸின் பர்ரி போர்ட் கடற்கரையில்.

விம்போர்ன் பிரபுவின் மூத்த மகன் ஐவர் சர்ச்சில் கெஸ்ட் 1915இல் அயர்லாந்தின் அரசப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். 1916 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி தொடங்குவதற்கு முன்னிரவே தலைவர்களைக் கைது செய்ய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார், அதிகாரிகள் தயங்கினார்கள், மறுநாள் டப்ளினில் சண்டை மூண்டது. 1918இல் வைகவுண்ட் பட்டம் பெற்றார். நார்தாம்ப்டன்ஷயரில் ஆஷ்பி செயின்ட் லெஜர்ஸ் மாளிகையை வாங்கி, புதுதில்லியை வடிவமைத்த லட்யன்ஸைக் கொண்டு விரிவாக்கினார். அவர் செய்தவற்றுள் எனக்கு மதிப்புக்குரியதாகத் தோன்றுவது வேறு. 1926 பொது வேலைநிறுத்தத்தின்போது, சுரங்க உடைமையாளர்களையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் இலண்டனில் இருந்த தம் மாளிகைக்கு விருந்துக்கு அழைத்துச் சமரசத்துக்கு முயன்றார். 1853இல் அவருடைய பாட்டி செய்யாததை அவர் செய்ய முயன்றார் என்று சொல்லலாம். ஆனால் அப்போது குடும்பத்துக்கு டௌலைஸில் இழக்க ஒன்றும் இல்லை.

1930இல் டௌலைஸ் உலைகள் அணைந்தன. ஊரில் வேலை என்பதே அற்றுப்போயிற்று. 1936 நவம்பர் 18ஆம் நாள் எட்டாம் எட்வர்டு அரசர் அந்தப் பாழடைந்த ஆலையைப் பார்க்க வந்தார். ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவர் சொன்னது நாடெங்கும் செய்தியாயிற்று. மூன்றே வாரங்களில் அவர் முடி துறந்தார். கான்ஃபோர்ட் 1923லேயே பள்ளியாகிவிட்டிருந்தது. நினிவே மண்டபத்தின் பெரிய சிற்பங்கள், மனித முகம் கொண்ட சிறகுக் காளையும் சிங்கமும், நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குப் போயின. வெள்ளைப்பூச்சின் அடியில் மறைந்து பள்ளியின் தின்பண்டக் கடையில் கிடந்த ஒரு புடைப்புச் சிற்பம் 1992இல் அடையாளம் காணப்பட்டு, 1994இல் 77 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போய், இன்று ஜப்பானின் மிஹோ அருங்காட்சியகத்தில் உள்ளது.

கம்பெனியின் பெயர் குடும்பத்தைவிட நீண்ட காலம் தொழிலில் நிலைத்தது. ஹவுராவில் ‘கெஸ்ட், கீன், வில்லியம்ஸ்’ என்ற பெயரில் அது நம் நாட்டிலும் இயங்கியது. பிரிட்டிஷ் படைக்குக் கவச வண்டிகளைச் செய்த ஜி.கே.என். 2018இல் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2023இல் அதன் மோட்டார் வாகனப் பிரிவைத் தனியே பிரித்தபோது அந்தப் புதிய குழுமத்துக்கு டௌலைஸ் என்றே பெயர் வைத்தார்கள்.

இந்தக் குடும்பத்தை மேலும் ஆராய விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேடி ஷார்லட்டின் நாட்குறிப்பையும் பிரபுக்களின் அரசியல் கடிதங்களையும் படித்தவர்கள் பலர். கார்டிஃபில் உள்ள கிளமோர்கன் ஆவணக் காப்பகத்தில் டௌலைஸ் கம்பெனியின் கடிதங்கள் பல லட்சம் இருக்கின்றன. இரும்பு வாங்கியவர்கள் எழுதியவை, தாது விற்றவர்கள் எழுதியவை, வேலை கேட்டு எழுதியவை என எல்லாம் அவற்றில் உண்டு. கெஸ்ட் குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, பிரபுக்களின் மாளிகைகளுக்குப் போவதற்கு முன் அந்தப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். வணக்கம்.